பழைய புல்லட்டில் எதை மாற்றலாம், எதை விட்டுவைக்கலாம்?

பழைய புல்லட்டை வாங்கி வாசலில் நிறுத்திய மறுநாளே யோசனை சொல்ல இரண்டு வகை ஆட்கள் வந்துவிடுவார்கள். ஒரு வகையினர் ஆலையில் முடுக்கிய நட்டைக்கூடத் தொடாதே என்பார்கள். இன்னொரு வகையினர் எஞ்சினை மட்டும் வைத்துக்கொண்டு மீதி எல்லாவற்றையும் தூக்கி எறி என்பார்கள். 2013-இல் பொள்ளாச்சியில் என் வண்டியை வாங்கியபோது இரண்டு பேச்சையும் கேட்டேன். கொஞ்ச காலம் இரண்டின்படியும் நடந்தேன். பதினோரு ஆண்டுகளில் பல பாகங்களில் பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்ததால், இப்போது என்னால் ஒரு தீர்ப்புச் சொல்ல முடியும்.

வண்டி 1994-ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்டு 350. திருவொற்றியூர் ஆலையில் உருவானது. புல்லட்டைத் தயாரித்த என்ஃபீல்டு இந்தியாவை ஐஷர் குழுமம் தன்னோடு இணைத்துக்கொண்டதும் அந்த ஆண்டுதான். 70 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 346 சி.சி., வார்ப்பிரும்பு சிலிண்டர், நான்கு கியர். கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். ஒவ்வொரு மாற்றத்தையும் நான் இரண்டு கேள்விகளால் அளக்கிறேன். சாலையில் அது என்ன பலன் தருகிறது? பிடிக்காவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் பழைய நிலைக்குத் திருப்ப முடியுமா?

டிரம்மா, டிஸ்க்கா?

பிரேக்கில்தான் என் பணமும் காலமும் அதிகம் செலவாயின. உயிர் சம்பந்தப்பட்ட இடம் என்பதால் அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

ஆழியாறு அணையிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது பழைய புல்லட்டுக்கு நிகரில்லை. இரண்டாம் கியரில் ஒரே சீராக, மூச்சு வாங்காமல் ஏறும். இறங்கும்போதுதான் வண்டியின் வயது தெரியும். வாங்கிய ஆண்டில் மனைவியைப் பின்னால் அமர்த்தி, இரண்டு பைகளோடு இறங்கினேன். பாதி வழியில் முன்பிரேக் லீவர் கைப்பிடி வரை வந்துவிட்டது. லைனிங் தீய்ந்த வாடை ஹெல்மெட்டுக்குள் ஏறியது. முதல் கியருக்குத் தாழ்த்தி, எஞ்சினின் இழுவையையும் பின்பிரேக்கையும் நம்பி அடுத்த வளைவின் ஓரத்தில் நிறுத்தினேன். டிரம் மீது இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டதும் சுர்ரென்று ஆவியாகிப் போனது.

முதலில் பொருத்தியது இரட்டைத் தள்ளல் டிரம், அதாவது ட்வின் லீடிங் ஷூ. சாதாரண டிரம்மில், அதன் உட்சுவரில் அழுந்தி வண்டியை நிறுத்தும் இரண்டு ஷூக்களில் ஒன்றுதான் சக்கரம் சுழலும் வேகத்தாலேயே உள்ளே இழுக்கப்பட்டு அழுந்தும். மற்றது சும்மா உரசிக்கொண்டிருக்கும். இரட்டைத் தள்ளலில் இரண்டுமே அப்படி அழுந்தும். வெளித்தோற்றம் மாறாது. பழமை விரும்பிகள்கூட இரண்டாவது முறை குனிந்து பார்த்தால்தான் கண்டுபிடிப்பார்கள். ஆனால் வாங்கி மாட்டினால் மட்டும் பிடித்துவிடாது. புது ஷூவின் மீது சாக்பீஸ் தடவி, சக்கரத்தை மாட்டி, லீவரை லேசாகப் பிடித்துச் சுற்ற வேண்டும். கழற்றிப் பார்த்தால் சாக்பீஸ் அழிந்த இடம் மட்டுமே டிரம்மைத் தொடுகிறது என்று பொருள். எனக்கு முதல் முறை அழிந்தது ஒரு விரல் அகலம். லேத்தில் கொடுத்து டிரம்மின் வளைவுக்கு ஏற்ப லைனிங்கைக் கடைந்த பிறகுதான் பிரேக் என்று சொல்லத்தக்க ஒன்று கிடைத்தது. ஷூக்களை விரிக்கும் இரண்டு கேம் கைகளையும் இணைக்கும் கம்பியின் நீளத்தையும் சரிசெய்ய வேண்டும். இரண்டு ஷூக்களும் ஒரே நொடியில் தொடாவிட்டால் செலவழித்த பணம் வீண்.

அப்படிச் செய்த டிரம் சமவெளியில் அருமையாக நிற்கும். கோவையிலிருந்து பழனி, திண்டுக்கல் என்று மூன்று ஆண்டுகள் ஓட்டினேன், குறையில்லை. ஆனால் மலையில் சூடு ஏறியதும் பிடி தளர்வது குறைந்ததே தவிர நிற்கவில்லை. இன்னொரு குணத்தையும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஏற்றத்தில் நிறுத்தி வண்டி பின்னோக்கி உருளும்போது இந்த டிரம் மிகவும் பலவீனம். சக்கரம் எதிர்ப்பக்கம் சுழல்வதால் இரண்டு ஷூக்களும் சும்மா உரசும் ஷூக்களாகிவிடுகின்றன.

2017-இல் டிஸ்க்குக்கு மாறினேன். பின்னாளில் வந்த புல்லட் வகைகளில் உள்ள 280 மில்லிமீட்டர் டிஸ்க், அதற்குரிய ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி), காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வும் பகுதி), மாஸ்டர் சிலிண்டர் (லீவரின் அழுத்தத்தைப் பிரேக் ஆயில் வழியாக அனுப்புவது), முன்போர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை). போர்க்கையும் மாற்றியே தீர வேண்டும், ஏனென்றால் டிரம் போர்க்கின் காலில் காலிப்பரைப் பூட்ட இடமில்லை. சிலர் அந்தக் காலில் ஒரு தகட்டைப் பற்றவைத்துக் காலிப்பரைத் தொங்கவிடுகிறார்கள். அந்தப் பற்று விட்டுப்போனால் காலிப்பர் ஸ்போக்ஸுக்குள் சிக்கி முன்சக்கரம் அப்படியே நின்றுவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பழைய 19 அங்குல ரிம்மையே புது ஹப்பில் ஸ்போக்ஸ் பின்னிக் கோட்டம் எடுத்தால் போதும்.

பலன் என்ன? இரண்டு விரல்களால் வண்டி நிற்கிறது. 40 வளைவுகளையும் இறங்கி ஆழியாறு சோதனைச் சாவடியில் நிறுத்தும்போதும் லீவர் காலையில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இழப்பும் உண்டு. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். முன்பாகத்தின் பழைய முகம் போய்விடுகிறது. ஊருக்குள்ளும் சமவெளியிலும் ஓட்டுகிறவருக்கு நன்றாகக் கடைந்த இரட்டைத் தள்ளல் டிரம்மே போதும். ஆண்டுக்கு ஒரு முறையாவது ஆள் ஏற்றி மலையிறங்குகிறவர் டிஸ்க்குக்குப் போவதே நல்லது. பழைய போர்க்கும் டிரம்மும் என் வீட்டுப் பரணில் எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டியிருக்கின்றன. வேண்டுமென்றால் ஒரு நாளில் திருப்பி மாட்டிவிடலாம்.

பாயின்ட்டா, எலெக்ட்ரானிக் இக்னிஷனா?

பிரேக்கில் எனக்கிருந்த உறுதி இதில் இல்லை, ஏனென்றால் இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது.

எஞ்சினில் பொறி பிறக்கும் நொடியைத் திறந்து மூடித் தீர்மானிக்கும் தொடுமுனைதான் காண்டாக்ட் பாயின்ட். அதன் அழகு, அதைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள முடிவதுதான். இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். டைமிங் (பொறி பிறக்க வேண்டிய நேரம்) வைக்க எனக்குக் கற்றுக்கொடுத்த மெக்கானிக் அண்ணன் எந்தக் கருவியும் எடுக்கவில்லை. சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தாளில் ஒரு துண்டைக் கிழித்து, பாயின்ட்டின் இரண்டு முகங்களுக்கும் இடையே செருகினார். ஒரு கையால் தாளை மெல்ல இழுத்துக்கொண்டே மறு கையால் எஞ்சினை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். தாள் பிடியிலிருந்து நழுவும் நொடிதான் பாயின்ட் திறக்கும் நொடி, பொறி பிறக்கும் நொடி. அது பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் கீழே இருக்கும்போது நடக்க வேண்டும். அன்று அந்தத் தாள் நழுவியதை என் விரலில் உணர்ந்த பிறகுதான் எஞ்சின் என்பது எனக்கு ஒரு மூடிய பெட்டியாக இல்லாமல் போனது.

குறையும் கண்கூடு. பாயின்ட்டின் குதிகால் (சுழலும் தண்டில் உரசும் பகுதி) தேயத் தேய டைமிங் நகர்கிறது. மழைக்காலத்தில் முகங்களில் பூஞ்சை படிந்தாற்போல் ஒரு படலம் வந்து காலையில் கிக் அடித்தே கால் ஓய்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பாயின்ட்டின் முகங்கள் தீப்பொறியில் கருகாமல் காக்கும் கண்டென்சர். குளிர்ந்த எஞ்சினில் ஒழுங்காக இருக்கும், சூடேறியதும் காலை வாரும், ஆறியதும் மறுபடி நல்ல பிள்ளையாகிவிடும். இந்தக் கோளாறை, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் கோளாறு என்று நினைத்து, நான்கு மாதம் அதன் ஜெட்டை (பெட்ரோல் வரும் துளை) மாற்றியவன் நான்.

பாயின்ட்டின் வேலையை மின்னணுச் சுற்று செய்யும் எலெக்ட்ரானிக் இக்னிஷனில் இந்தத் தேய்மானம் எதுவும் இல்லை. 2016-இல் பொருத்தியதும் இரண்டாவது கிக்கில் எஞ்சின் பிடித்துக்கொண்டது, ஐட்லிங் கடிகாரம்போல் நின்றது. ஓராண்டு பாயின்ட் மூடியைத் திறக்கவே இல்லை. பிறகு ஒரு மாலை, உடுமலைப்பேட்டை தாண்டி, முன்னறிவிப்பு ஏதுமின்றி நின்றது. பாயின்ட் என்றால் உப்புத்தாளால் தேய்த்து எப்படியாவது வீடு வந்திருக்கலாம். பிசின் ஊற்றி மூடிய அந்தக் கறுப்புக் கட்டியை வைத்துக்கொண்டு சாலையோரத்தில் யாராலும் எதுவும் செய்ய முடியாது. சரக்கு ஆட்டோவில் வண்டியை ஏற்றிக்கொண்டு வந்தேன்.

இப்போது ஓடுவது எலெக்ட்ரானிக். கருவிப் பெட்டிக்குள் நல்ல கண்டென்சரோடு முழுப் பாயின்ட் தட்டு ஒன்று எப்போதும் உண்டு. தட்டை மாற்றி ஓடவிட அரை மணி நேரம் ஆகும். புதிதாகப் புல்லட் வாங்கியவருக்கு நான் சொல்வது: முதல் ஓராண்டு பாயின்ட்டோடு ஓட்டிக் கற்றுக்கொண்ட பிறகு மாற்றுங்கள். கூடவே பேட்டரியையும் சார்ஜையும் ஒழுங்காக்குங்கள். மின்னழுத்தம் தளர்ந்தால் எலெக்ட்ரானிக் இக்னிஷன், பாயின்ட்டைவிட முன்னதாகவே கைவிரிக்கும்.

விளக்கும் இதே கதைதான். பழைய ரிஃப்ளெக்டருக்குள் மலிவான எல்.இ.டி. பல்பைச் செருகினால் ஒளி நாலாபக்கமும் சிதறி எதிரே வருகிறவரின் கண்ணைக் குருடாக்கும், நமக்கோ சாலை தெரியாது. அந்த ரிஃப்ளெக்டரின் வளைவு, உள்ளே கம்பி இழை உள்ள பல்புக்காக அமைக்கப்பட்டது. நல்ல ஹாலஜன் பல்பு, தனி ரிலே, புது ஒயர் போட்டாலே போதும். பழைய சுவிட்சு வழியாகப் போய்க்கொண்டிருந்த மின்சாரம் நேராகப் பல்புக்குப் போகும், வெளிச்சம் கண்ணுக்குத் தெரிந்து கூடும்.

போர் எடுப்பதா, புது செட்டா?

2019-இல் எஞ்சின் எண்ணெய் குடிக்கத் தொடங்கியது. பிஸ்டனோடு சேர்ந்து அலுமினிய சிலிண்டர் செட் வாங்கிப் போட்டால் சூடு சீக்கிரம் ஆறும் என்றார்கள். அது உண்மை. ஆனால் வார்ப்பிரும்பு சிலிண்டரைக் கடைந்து பெரிய அளவு பிஸ்டன் போட்டு, மறுபடி தேய்ந்தால் மறுபடி கடையலாம். லேத்துக்குப் பெயர்போன கோயம்புத்தூரில் இருந்துகொண்டு அதைச் செய்யாமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பிஸ்டனைக் கையில் கொடுத்து, அதை அளந்த பிறகே சிலிண்டரைக் கடையும் பட்டறையைத் தேடுங்கள். வாயால் அளவு சொன்னதும் கடைய ஆரம்பிப்பவரிடம் கொடுக்காதீர்கள். எனக்கு முதல் முறை கடைந்த இடத்தில் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடைவெளி போதாமல் 300 கிலோமீட்டரில் பிஸ்டன் இறுகி நின்றுவிட்டது. இரண்டாம் முறை சரியாக அமைந்து, ஆயிரம் கிலோமீட்டர் பொறுமையாக ஓட்டியதில் இன்று வரை புகையில்லை.

இடது கால் கியராக மாற்றும் வேலையை நான் செய்யவே இல்லை. குறுக்கே போகும் இணைப்புக் கம்பிகளில் ஆட்டம் விழுந்து, கியர் விழுந்ததா இல்லையா என்று காலுக்கே சந்தேகம் வரும். பழைய கியர் பெட்டியில் குதிகாலால் அழுத்தினால் நியூட்ரலுக்கு வரும் சிறு நெம்பு ஒன்று உண்டு. சிக்னலில் நின்றதும் அதை ஒரு தட்டு தட்டும் சுகத்துக்காகவே அந்தப் பெட்டியை வைத்திருக்கலாம். அகலமான பின் டயர் செயினில் உரசும், திருப்பத்தில் வண்டி மரக்கட்டைபோல் இருக்கும், வேண்டாம். 28 மில்லிமீட்டர் கார்புரேட்டரை ஆறு மாதம் போட்டுப் பார்த்துவிட்டுப் பழைய 24-க்கே திரும்பினேன். மேல் வேகத்தில் கொஞ்சம் கூடியது, ஊருக்குள் இழுவையும் மைலேஜும் குறைந்தன.

வெட்டும் வழி

பாபர், கஃபே ரேசர் என்னும் பாணிகளுக்காக வண்டியின் பின்சட்டத்தை (ஃபிரேமை) அறுத்துச் சிறிய இருக்கை வைப்பது மூன்றாவது வழி. சில வண்டிகள் பார்க்கக் கொள்ளை அழகு, மறுக்கவில்லை. ஆனால் அறுத்த சட்டம் ஒட்டாது. நாட்டின் சட்டமும் அதை ஏற்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றான ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்த மூல விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் தருகிறது. குறுகிய இருக்கைதான் ஆசை என்றால் போல்ட் போட்டுப் பூட்டும் ஒற்றை ஸ்பிரிங் இருக்கை கிடைக்கிறது. இரண்டு ஆண்டு நான் அதில்தான் ஓட்டினேன், மகள் பின்னால் உட்காரும் வயது வந்ததும் கழற்றிவிட்டேன். அலறும் சைலன்சரைப் பற்றி ஒரு வரி போதும்: தூங்கும் குழந்தையும் நோயாளியும் உள்ள தெருவில் அதை ஓட்ட யாருக்கும் உரிமை இல்லை.

பவுடர் கோட்டிங்கா, பெயின்ட்டா?

வண்டியின் சட்டத்துக்குப் பவுடர் கோட்டிங், டேங்க்குக்குப் பெயின்ட் என்பதே என் முடிவு. தூவிய வண்ணப் பொடி சுட்டு இறுகுவதால் கல் தெறித்தாலும் எளிதில் பெயராது. டேங்க்கில் அந்தத் தடித்த பிளாஸ்டிக் பளபளப்பு பொருந்தாது. திருவொற்றியூர் ஆலையில் பொன்னிறக் கோடுகளைத் தூரிகையால் கையாலேயே இழுத்தார்கள். பெயர்ப்பலகை எழுதும் முதியவர் ஒருவர் என் டேங்க்கில் அப்படியே இழுத்துக் கொடுத்தார், மூச்சை அடக்கி, ஒரே இழுப்பில். நிறத்தை மட்டும் மாற்றாதீர்கள். மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும்.

ஒரு தவற்றை மட்டும் என்னைப் போல் செய்துவிடாதீர்கள். பதினைந்து ஆண்டுகள் முடிந்த சொந்த வண்டிக்கு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது சட்டத்தில் வெட்டப்பட்டிருக்கும் சேசிஸ் எண்ணின் மீது தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பார்கள். 2019-இல் நான் கோட்டிங் முடித்த மகிழ்ச்சியோடு வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். தாளில் வெறும் சாம்பல் நிறம்தான் வந்தது. வெட்டுக்குள் பவுடர் இறங்கி எண்களை நிரப்பிவிட்டிருந்தது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பெயின்ட் நீக்கும் திரவத்தைத் துணியில் நனைத்து, பல் குத்தும் குச்சியால் ஒவ்வொரு இலக்கமாகச் சுரண்டி எடுக்க இரண்டு மாலைகள் ஆயின. சட்டத்தைக் கோட்டிங்குக்குக் கொடுக்கும் முன் எண் உள்ள அந்த நான்கு அங்குலத்தின் மீது சூடு தாங்கும் டேப்பை ஒட்டிக் கொடுங்கள், வாங்கும்போது கடையிலேயே உரித்துப் பென்சில் அச்சு எடுத்துப் பார்த்துவிடுங்கள். 2024-இல் எனக்கு ஒரே தேய்ப்பில் எல்லா எண்ணும் விழுந்தன.