உமி, கடலைத் தோல், பருத்திமார்: சின்ன பாய்லருக்கு எது சரிப்படும்?

சாயப்பட்டறையிலோ அரிசி ஆலையிலோ சின்ன நீராவி பாய்லர் வைத்திருப்பவர்கள் விறகுக்குப் பதிலாகப் பயிர்க்கழிவு வாங்கப் போனால், முதலில் கிலோ விலையைக் கேட்பார்கள், அப்புறம் கலோரியை. நான் சாம்பலையும் ஈரத்தையும்தான் முதலில் கேட்பேன். காய்ந்த பயிர்க்கழிவு எதுவானாலும் வெப்பம் பெரும்பாலும் கிலோவுக்கு 3,000 முதல் 4,300 கிலோகலோரிக்குள் அடங்கிவிடும். சாம்பல் அப்படி இல்லை. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நாலைந்து மடங்கு வித்தியாசம் வரும்.

உமியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டன் நெல்லை அரைத்தால் சுமார் 200 கிலோ உமி. அதை எரித்தால் 30 முதல் 40 கிலோ சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே பொருள். அந்தக் காலத்தில் பல் தேய்த்த உமிக்கரி நறநறத்தது அதனால்தான். கழிவை அழுத்திக் கட்டியாக்கும் பிரிக்கெட் இயந்திரத்தின் திருகையும் அச்சையும் வேகமாகத் தேய்ப்பதும் அதே சிலிக்காதான். ஆனால் உமிக்கு இரண்டு பெரிய நல்ல குணம் உண்டு. ஆலையிலிருந்து வரும்போதே காய்ந்து, ஒரே அளவாக வரும். நறுக்க வேண்டாம், உலர்த்த வேண்டாம். சாம்பலும் சட்டென்று உருகிக் கட்டி தட்டாது. நெல் அவிக்கும் ஆலைக்கு இதைவிட நல்ல எரிபொருள் கிடையாது. தூரத்தில் இருப்பவருக்குத்தான் சிக்கல். தளர்ந்த உமி ஒரு கன மீட்டருக்கு 100, 150 கிலோதான் நிற்கும். லாரி நிரம்பிவிடும், எடை ஏறாது.

நிலக்கடலையின் மேலோடான கடலைத் தோலில் சாம்பல் குறைவு. சுத்தமான சரக்கென்றால் 5 சதவீதத்துக்குள் நிற்கும். வெப்பம் கிலோவுக்கு 4,000 கிலோகலோரியை ஒட்டி வரும். காய் மண்ணுக்குள் விளைவதால் ஒட்டிய மண் சரியாக உதிராவிட்டால் சாம்பல் கூடும். தளர்வாகப் போட்டால் குபீரென்று எரிந்து அடங்கிவிடும், சீரான நீராவி கிடைக்காது. ஆகவே பிரிக்கெட்டாக வாங்குவதே நல்லது. அதில் பசை எதுவும் சேர்ப்பதில்லை. அழுத்தத்திலும் சூட்டிலும் தோலிலேயே உள்ள லிக்னின் என்ற பிசின் போன்ற பொருள் இளகி, ஆறியதும் தானே பிடித்துக்கொள்ளும். கட்டியின் அடர்த்தி தண்ணீருக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருக்கும். மழையில் நனைந்தால் மட்டும் மறுபடி தூளாகிவிடும். கூரை இல்லாமல் இதை வாங்கிக் குவிக்காதீர்கள்.

பருத்தி எடுத்த பின் வயலில் நிற்கும் காய்ந்த செடியான பருத்திமார் கிட்டத்தட்ட விறகேதான். கரிசல் காட்டு ஊர்களில் அடுப்பெரித்துப் பழகிய பொருள். சாம்பலும் குறைவு. வயலிலிருந்து அதை அகற்றுவதால் விவசாயிக்கும் நன்மை உண்டு: செடியில் மிஞ்சிய காய்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு தங்கி அடுத்த பயிருக்குத் தொற்றுவது குறையும். பிடுங்கி, சேர்த்து, நறுக்கிக் கொண்டுவரும் கூலிதான் விலையை ஏற்றிவிடுகிறது.

வைக்கோலை இந்தப் பட்டியலில் சேர்க்கவே எனக்கு மனமில்லை. மாடு தின்னும் பொருள் என்பது ஒரு காரணம். அதிலுள்ள பொட்டாசியத்தால் சாம்பல் குறைந்த சூட்டிலேயே இளகி, எரியும் தட்டில் கண்ணாடிக் கட்டியாகப் படியும். குளோரின் குழாய்களை அரிக்கும். பஞ்சாப், ஹரியானாவின் கதை வேறு. நெல் அறுத்துக் கோதுமை விதைக்க நாட்கள் குறைவு என்பதால் தாளை வயலிலேயே கொளுத்துகிறார்கள். அங்கே அதை வில்லைகளாக்கி, அனல் மின் நிலையங்களில் நிலக்கரியோடு கொஞ்சமாகக் கலந்து எரிப்பது சரியான வழி. மத்திய மின் அமைச்சகமும் 2021-ல் 5 சதவீதம் கலக்கச் சொன்னது. சின்ன பாய்லரில் வைக்கோலை மட்டும் போட்டு எரிப்பது அதோடு ஒப்பிடக்கூடியதல்ல.

கரும்புச் சக்கை ஆலையை விட்டு வரும்போது பாதி எடை தண்ணீர். அது சர்க்கரை ஆலைக்கே பொருந்தும். தேங்காய்ச் சிரட்டை நன்றாக எரியும், ஆனால் வடிகட்டிகளில் போடும் ஆக்டிவேட்டட் கார்பன் என்ற கரி செய்பவர்கள் நல்ல விலைக்கு எடுக்கும் பொருளை அடுப்பில் போடுவது வீண்.

பக்கத்திலேயே அரிசி ஆலை இருந்தால் உமி, இல்லையென்றால் கடலைத் தோல் பிரிக்கெட் என்பது என் தேர்வு. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே 600 கிலோகலோரிக்கு மேல் செலவாகும் என்பதால் ஈரமான சரக்கில் தண்ணீருக்கும் விலை கொடுத்து, வெப்பத்தையும் இழக்கும் இரட்டை நஷ்டம். சரக்கு இறங்கும்போது ஒரு கிலோ மாதிரி எடுத்து, எடை மாறாத வரை 105 டிகிரியில் உலர்த்திப் பாருங்கள். ஈரம் 10 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எடையைக் கழித்துத்தான் பணம் என்று முதல் லோடுக்கு முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.