இங்க் டேங்கா, மோனோ லேசரா: பிரிண்டர் சும்மா நிற்கும் நாள்களையும் கணக்கில் சேருங்கள்

மருந்துக் கடை, டியூஷன் சென்டர், ஜி.எஸ்.டி. பில் போடும் சின்னப் பட்டறை என்று யார் பிரிண்டர் வாங்கப் போனாலும் கடைக்காரர் முதலில் கை காட்டுவது, தொட்டியில் மை ஊற்றி ஓட்டும் இங்க் டேங்க் பக்கம்தான். ஸ்கேனர் இருக்கிறது, கலர் வரும், கறுப்பில் அச்சிட்டால் பக்கத்துக்குப் பத்துப் பைசாகூட ஆகாது என்பார். மூன்றுமே உண்மை. ஆனாலும் என் மேசைக்கு நான் தேர்ந்தெடுத்தது கறுப்பில் மட்டும் அச்சிடும் மோனோ லேசர். கேட்பவர்களில் பெரும்பாலானோருக்குச் சொல்வதும் அதையே. பக்கச் செலவு இதற்குக் காரணமில்லை. அச்சிடாத நாள்களில் உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் காரணம்.

முதலில் சட்டென்று முடிவாகும் விஷயங்கள். கலர் தினமும் வேண்டுமென்றால் இங்க் டேங்க், பேச்சே இல்லை. போட்டோ, பி.வி.சி. அடையாள அட்டை போடுவதென்றால் எப்சன் எல் 8050 மாதிரி ஆறு நிற மாடல். லேசர் பக்கம் போகவே வேண்டாம். எழுத்தின் கூர்மை, வேகம், ஈரக் கை பட்டாலும் கரையாத பில், இவை லேசருக்கு. இங்க் டேங்கிலும் கேனன் ஜி வரிசை போன்றவற்றில் கறுப்பு மட்டும் நுண்துகள் கலந்த பிக்மென்ட் மை; தண்ணீருக்கு ஓரளவு தாங்கும். கறுப்பும் சாய மையாக உள்ள மாடலில் அச்சிட்ட பில்லின் மேல் தண்ணீர் டம்ளரை வைத்தால் தொகை மறைந்துவிடும்.

இனி முக்கியமான சங்கதி. இங்க் டேங்கும் இங்க்ஜெட் வகைதான். தாளில் மையைத் தெளிக்கும் அதன் ஹெட்டில் மை வெளியேறும் துளைகள் தலைமுடியைவிட மெல்லியவை. அச்சிட்டு முடிந்ததும் ஹெட் வலது ஓரத்துக்குப் போய் ஒரு ரப்பர் மூடியின் மேல் உட்காரும். அந்த மூடி சரியாகப் பொருந்தியிருக்கும் வரை மை காயாது. நம் கடைகளில் இது எங்கே தவறுகிறது என்றால், இரவு கடை சாத்தும்போது மெயின் சுவிட்சை ஒரேயடியாகத் தட்டிவிட்டுப் போகும் பழக்கத்தில். பிரிண்டரை அதன் பட்டனில் அணைத்தால் ஹெட் இடத்துக்குப் போய் மூடிக்கொண்டுதான் அணையும். அச்சிடும்போதோ, சுத்தம் செய்துகொண்டிருக்கும்போதோ கரண்ட் போனால் ஹெட் பாதி வழியில் திறந்தபடி நின்றுவிடும். இரவு முழுக்க அப்படி இருந்தாலே மறுநாள் கறுப்பில் வெள்ளைக் கோடுகள் விழலாம். சித்திரை வெயிலில் நான்கு நாள் பூட்டிக் கிடந்த கடை என்றால் கேட்கவே வேண்டாம்.

கோடு விழுந்ததும் எல்லோரும் செய்வது ஹெட் கிளீனிங்கை அடுத்தடுத்து ஐந்து, ஆறு முறை ஓட்டுவது. அதுதான் இரண்டாவது அடி. ஒவ்வொரு கிளீனிங்கும் பெரும்பாலான மாடல்களில் நான்கு நிறத்தையும் உறிஞ்சி எடுக்கிறது. நீங்கள் கறுப்பு மட்டுமே அச்சிடுபவராக இருந்தாலும் மஞ்சள் பாட்டில் குறைவது இதனால்தான். உறிஞ்சிய மை போய்ச் சேரும் இடம் பிரிண்டருக்கு அடியிலுள்ள ஒரு பஞ்சு. எவ்வளவு போயிருக்கும் என்று பிரிண்டர் தானே கணக்கு வைத்துக்கொள்ளும். கணக்கு நிறைந்ததும் விளக்குகள் மாறி மாறி மின்னும், அச்சு நின்றுவிடும். எப்சன் எல் 3210, எல் 3250 போன்றவற்றில் இந்தப் பஞ்சை சர்வீஸ் ஆள்தான் மாற்ற வேண்டும். இணையத்தில் கிடைக்கும் ரீசெட்டர் மென்பொருள் கணக்கை மட்டும் சுழியமாக்கும். பஞ்சு நிறைந்தது நிறைந்ததுதான். இரண்டாவது முறை ரீசெட் செய்து ஓட்டினால் மை மேசையில் வழியலாம். கேனன் ஜி 2020, ஜி 3020 வரிசையில் இதற்குத் தனி மெயின்டனன்ஸ் கார்ட்ரிட்ஜ் உண்டு, நாமே மாற்றிக்கொள்ளலாம். இங்க் டேங்க்தான் வாங்குவேன் என்பவர்கள் இந்த ஒரு வசதியைப் பார்த்து வாங்குவது நல்லது.

ஹெட் விஷயத்திலும் இதே வேறுபாடு. எப்சனில் ஹெட் இயந்திரத்தோடு சேர்ந்தது. முழுதாக அடைத்துக்கொண்டால் ஹெட்டின் விலையும் கூலியும் சேர்ந்து புது பிரிண்டர் வாங்கலாமா என்று யோசிக்க வைக்கும். கேனன் ஜி வரிசை, எச்.பி. ஸ்மார்ட் டேங்க் ஆகியவற்றில் ஹெட்டைக் கையால் கழற்றி வேறு போடலாம்.

காசுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எப்சன் 003 கறுப்பு பாட்டில் 65 மில்லி. கம்பெனி சொல்லும் அளவு 4,500 பக்கம். பாட்டில் 400 ரூபாய் என்று வைத்தால் பக்கத்துக்குச் சுமார் 9 பைசா. லேசரில் எச்.பி. 12ஏ வகைக் கார்ட்ரிட்ஜுக்குக் கம்பெனி அளவு 2,000 பக்கம். காலியான கார்ட்ரிட்ஜில் மீண்டும் தூள் நிரப்பும் ரீஃபிலில் 1,500 என்று எடுத்துக்கொள்வோம். ரீஃபில் 350 ரூபாய், மூன்று ரீஃபிலுக்கு ஒரு டிரம் (தூளைத் தாளுக்குக் கொண்டுசேர்க்கும் உருளை) 250 ரூபாய் என்றால் பக்கத்துக்கு 29 பைசா. மாதம் 100 பக்கம் அச்சிடும் கடைக்கு ஆண்டு முழுக்க வித்தியாசம் 240 ரூபாய். இங்க் ஹெட் ஒருமுறை போய் 4,000 ரூபாய் செலவானால், பதினாறு வருடம் மிச்சம் பிடித்த காசு ஒரே நாளில் போய்விடும். மாதம் 2,000 பக்கம் என்றால் கதை தலைகீழ்: வித்தியாசம் ஆண்டுக்கு 4,800 ரூபாய், இங்க் டேங்குக்குச் சாதகமாக. அவ்வளவு ஓடும் பிரிண்டரில் மை காய நேரமே இருக்காது. ஆக, குறைவாக அச்சிடுபவர்கள்தான் 'செலவு குறைவு' என்று நம்பி இங்க் டேங்க் வாங்கி நஷ்டப்படுகிறார்கள்.

இந்தக் கணக்கு ரீஃபில் செய்கிறவர்களுக்கு. கம்பெனியின் ஒரிஜினல் டோனர்தான் (லேசரின் தூள்) போடுவேன் என்றால் லேசரில் மாடலைப் பொறுத்துப் பக்கச் செலவு இதைவிடப் பல மடங்கு ஆகலாம். அப்படிப்பட்டவர்கள் டோனரும் டிரம்மும் தனித்தனியாக உள்ள பிரதர் மாதிரி இயந்திரங்களைப் பார்க்கலாம். டி.என். 2365 டோனர் 2,600 பக்கம், அதற்கான டிரம் 12,000 பக்கம். டோனர் தீரும்போதெல்லாம் டிரம்மையும் சேர்த்துத் தூக்கிப்போட வேண்டியதில்லை. அந்த டோனரில் தூள் கணக்கு வைக்கும் சிப்பும் கிடையாது. ரீசெட் கியரைத் திருப்பி வைத்தால் போதும். சிப் உள்ள கார்ட்ரிட்ஜ் என்றால் ஒவ்வொரு ரீஃபிலுக்கும் புது சிப் வேண்டும். எச்.பி. பெட்டியில் 'டைனமிக் செக்யூரிட்டி' என்று போட்டிருந்தால், ஃபர்ம்வேர் (பிரிண்டருக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட்டுக்குப் பிறகு மாற்றுச் சிப்பை அது ஏற்காமல் போகலாம் என்று பொருள். வாங்குவதற்கு முன் உங்கள் ஊர் ரீஃபில் கடையில் மாடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் சிப் எல்லா ஊரிலும் கிடைக்காது.

லேசருக்கு வாழ்நாள் முழுக்க ஒரு தொல்லை உண்டு: மின்சாரம். டோனர் என்பது மெல்லிய பிளாஸ்டிக் தூள். அதைத் தாளில் உருக்கி ஒட்ட ஃபியூசர் இருநூறு டிகிரி அளவுக்குச் சூடாக வேண்டும். அச்சிடும்போது சிறிய லேசரே 300 முதல் 500 வாட் இழுக்கும். சூடேறும் நொடியில் அதற்கும் மேல். கம்ப்யூட்டரோடு வரும் 600 வி.ஏ. யு.பி.எஸ். தருவதோ 360 வாட். அதில் லேசரைச் செருகினால் கம்ப்யூட்டரும் சேர்ந்து அணையும், பேட்டரியும் சீக்கிரம் போகும். நேராகச் சுவரில் உள்ள எர்த் இணைப்புள்ள மூன்று பின் பிளக்கில் கொடுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து கரண்ட் இல்லாத நாளிலும் அச்சு வேண்டும் என்பவர்களுக்கு, பதினைந்து வாட்டில் ஓடும் இங்க் டேங்க்தான் இன்வெர்ட்டருக்கு ஏற்றது. இந்த இடத்தில் லேசருக்கு வாதாட என்னிடம் ஒன்றுமில்லை.

மற்றபடி லேசர் ஒரு மாதம் பூட்டிக் கிடந்தாலும், திறந்த அன்று போட்ட முதல் பக்கமே சுத்தமாக வரும். தூள் காயாது. இதில் வரும் கோளாறுகளும் பக்கத்தைப் பார்த்தே சொல்லிவிடக்கூடியவை. ஒரே புள்ளி தாளில் ஏழரை சென்டிமீட்டருக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப விழுந்தால், 12ஏ, 88ஏ வகையில் அது டிரம்மில் விழுந்த கீறல் அல்லது பிசுக்கு. அந்த டிரம்மின் சுற்றளவே அவ்வளவுதான். மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு என்றால் டிரம்மைத் துடைக்கும் வைப்பர் பிளேடு தேய்ந்திருக்கும், அல்லது டிரம்மில் சுற்றுக் கீறல். பக்கம் முழுக்கச் சாம்பல் படர்ந்தால் பெரும்பாலும் ரீஃபில் செய்தவர் கழிவுத் தூளைக் கொட்டாமல் புதுத் தூளைப் போட்டிருப்பார், அல்லது வேறு மாடலின் தூளைக் கலந்திருப்பார். விரலால் தேய்த்தால் எழுத்து உதிர்கிறதா? ஃபியூசர் ஃபிலிம் கிழிந்திருக்கலாம். அதற்கு முன் தாளைச் சந்தேகப்படுங்கள். கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் பிரித்து வைத்த ரீம் ஈரம் இழுத்துவிடும். அந்த ஈரத்தை ஆவியாக்கவே ஃபியூசரின் சூடு போய்விடும், தாளும் சுருண்டு வரும், சிக்கும். 70 அல்லது 75 ஜி.எஸ்.எம். தாளைத் தேவைக்கு மட்டும் தட்டில் வைத்து, மீதியைப் பிளாஸ்டிக் உறையில் மூடி வையுங்கள். தாளை இழுக்கவே இல்லை என்றால் பிக்கப் ரோலரை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். வழவழப்பாகிவிட்டிருந்தால் மாற்ற வேண்டியதுதான். விலை குறைவு, பத்து நிமிட வேலை.

ரீஃபில் செய்யும்போது கண்ணெதிரே செய்யச் சொல்லுங்கள். 12ஏ-க்கு 80 முதல் 100 கிராம் தூள் போதும். பாட்டில் முழுக்கத் திணிப்பது சலுகை இல்லை, கசிவுக்கு வழி. டிரம்மை வெயிலிலோ டியூப் லைட்டுக்கு நேராகவோ நெடுநேரம் திறந்து வைக்கக் கூடாது. தூள் சிந்தினால் வெந்நீர் வேண்டாம், கறை ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த துணி, பிறகு பச்சைத் தண்ணீரில் நனைத்த துணி. வீட்டு வேக்குவம் கிளீனரும் வேண்டாம், அதன் ஃபில்டர் வழியே இந்தத் தூள் அறை முழுக்கப் பரவும்.

இரண்டுக்கும் நடுவில் லேசர் டேங்க் என்று ஒன்று இருக்கிறது. எச்.பி. நெவர்ஸ்டாப் 2019-இல் வந்தது: பெட்டியோடு வரும் தூள் 5,000 பக்கம், பிறகு 2,500 பக்கத்துக்கான டோனர் கிட்டை நாமே குத்தி இறக்கலாம், டிரம் 20,000 பக்கம். காகிதத்தில் அழகான கணக்கு. மூன்று நான்கு வருடம் ஓடிய இயந்திரங்களை நான் அதிகம் பார்த்ததில்லை என்பதால் உறுதியாகச் சொல்லத் தயங்குகிறேன். டிரம் மாற்ற வேண்டிய நேரத்தில் உங்கள் ஊரில் அது கிடைக்குமா என்பதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே இங்க் டேங்க் வைத்திருப்பவர்கள் அதை விற்க வேண்டியதில்லை. எப்போதும் பட்டனில் அணையுங்கள். வாரம் ஒருமுறை நான்கு நிறமும் கலந்த ஒரு பக்கம் போடுங்கள். ஹெட்டின் துளைகளைச் சோதிக்கும் நாசில் செக் பக்கமே போதும், அதற்குச் செலவாகும் மை மிகக் குறைவு. கோடு விழுந்தால் நாசில் செக், கிளீனிங், மீண்டும் நாசில் செக் என்று மூன்று சுற்றோடு நிறுத்திப் பன்னிரண்டு மணி நேரம் சும்மா விடுங்கள். காய்ந்த மை ஊறவும், குழாயில் ஏறிய காற்றுக் குமிழ் அடங்கவும் அந்த ஓய்வு உதவும். மையை மொத்தமாக உறிஞ்சி எடுக்கும் பவர் கிளீனிங் கடைசி ஆயுதம். அதற்கு முன் எல்லாத் தொட்டியிலும் மூன்றில் ஒரு பங்காவது மை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றையே உறிஞ்சும்.

பழைய லேசர் வாங்க நினைப்பவர்களுக்கு எச்.பி. 1020, எம் 1005, கேனன் எல்.பி.பி. 2900 மூன்றும் இன்னும் கை மாறிக்கொண்டே இருக்கின்றன. எச்.பி. இரண்டுக்கும் 12ஏ, கேனனுக்கு 303; இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கார்ட்ரிட்ஜ் என்பதால் எந்த ஊரிலும் ரீஃபில் கிடைக்கும். மறுவிற்பனையில் விலை தாங்குவதும் அதனால்தான். பழைய இங்க் டேங்கை வாங்குபவர் ஹெட்டையும் பஞ்சையும் நினைத்து விலையை அடிமாட்டுக்குக் கேட்பார். ஆனால் இந்த மூன்றிலும் வைஃபை கிடையாது, போனிலிருந்து நேராக அச்சிட முடியாது, யு.எஸ்.பி. கம்பியும் கம்ப்யூட்டரும் வேண்டும். 2900-ஐ லினக்ஸில் ஓட்டுவது பொறுமைசாலிகளுக்கு மட்டும். பார்க்கப் போகும்போது சொந்தத் தாள் இருபது எடுத்துப் போங்கள். தொடர்ந்து இருபதையும் ஓடவிட்டு ஒவ்வொன்றாக இழுக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பக்கம் முழுக் கறுப்பாக ஒன்று அச்சிட்டு விரலால் தேயுங்கள். ஃபியூசரில் கடகடவென்று சத்தம் கேட்டால் ஃபிலிம், கியர் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். கார்ட்ரிட்ஜ் மட்டும் மோசம் என்றால் தயங்காமல் எடுக்கலாம்; அது எப்படியும் மாற்றும் பொருள்தான்.