அப்பத்தா காலுக்கு அளவெடுத்துத் தைத்த செருப்பு

காரைக்குடி பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்தச் செருப்புக் கடை. பெயர்ப்பலகை கிடையாது. அங்கே அப்பத்தாவுக்கு எம்.சி.ஆர். செருப்பு, அதாவது மைக்ரோசெல்லுலார் ரப்பர் என்ற மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு, தைத்து வாங்கி எட்டு மாதம் ஆகிறது. ஜோடி 700 ரூபாய்.

அப்பத்தாவுக்குத் தொழுநோய் வந்து, கூட்டு மருந்து சாப்பிட்டுக் குணமாகி முப்பது வருஷம் இருக்கும். கிருமி போய்விட்டது, பாதத்தில் போன உணர்ச்சிதான் திரும்பவில்லை. முள் குத்தினாலும் தெரியாது. இப்படித் தெரியாமல் படும் காயங்கள்தான் விரல்களைத் தின்கின்றன என்று வேலூரில் வேலை பார்த்த டாக்டர் பால் பிராண்ட் எடுத்துக்காட்டி எத்தனையோ காலமாயிற்று.

இதற்கு முன் போன ஒரு பெரிய கடையில், மழுங்கிய விரல்களைப் பார்த்ததும் "போட்டுப் பார்க்க வேணாம், சைஸ் சொல்லுங்க" என்று பெட்டியைத் தள்ளியே வைத்தார்கள். அப்பத்தா ஒன்றும் பேசவில்லை. பழக்கம். எங்கள் வீட்டிலேயே அப்பத்தாவுக்கென்று பேர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர் இருந்தது. எல்லார் வீட்டிலும் சீர்ச் சாமானில் பேர் வெட்டுவார்கள். இது, மாற்றி யாரும் குடித்துவிடக் கூடாதென்று வெட்டியது. கிருமியால் வருவது என்று 1873-லேயே நார்வே டாக்டர் ஹான்சன் கண்டுபிடித்தும், எங்கள் தெருவில் முன்வினை என்றுதான் பேசினார்கள். தொழுநோயைச் சொல்லி விவாகரத்துக் கேட்கலாம் என்ற சட்டப்பிரிவே 2019-ல்தான் போனது.

இந்தக் கடைக்காரர் அப்பத்தாவை ஸ்டூலில் உட்காரவைத்து, பாதத்தை இரண்டு கையாலும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பழுப்புத் தாளில் பென்சிலால் சுற்றி வரைந்தார். "ஆத்தா, இந்த எடம் தடிச்சிருக்கு, இங்க கொஞ்சம் பள்ளம் எடுத்துத் தாரேன்" என்றார்.

மேலே மெத்தென்ற ரப்பர், விரலால் அழுத்தினால் அமுங்கி எழும்பும். அடியில் கெட்டி ரப்பர். ஆணி ஒன்றுகூட இல்லை. குதிகாலுக்குப் பின்னால் வார் உண்டு. இல்லாவிட்டால் கழன்று விழுந்தாலும் அப்பத்தாவுக்குத் தெரியாது. கொக்கிக்குப் பதில் ஒட்டும் பட்டை என்பதால், மடங்கிய விரலோடு தானே போட்டுக்கொள்கிறது.

குறை என்றால் அந்தப் பட்டைதான். செம்மண் தூசி ஏறிப் பிடிமானம் குறைகிறது, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்க்கிறேன். சீமைக்கருவேல முள் ஏறியிருக்கிறதா என்று ராத்திரி செருப்பையும் பாதத்தையும் தடவிப் பார்த்துவிடுவேன். எட்டு மாதமாகப் புண் இல்லை.

கொப்புடையம்மன் கோயிலுக்கு மட்டும் வெயில் தாழ்ந்த பிறகுதான் கூட்டிப்போகிறேன். அங்கே செருப்பைக் கழற்ற வேண்டும், கல் சுட்டாலும் அப்பத்தாவுக்குத் தெரியாது.