சிட்டேஷன் சரிசெய்து தருகிறோம் என்று 120 டாலரை வாங்கிக்கொண்டு கைவிட்டார்கள்

கடைசிப் பதில் நேற்று இரவுதான் வந்தது. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஆய்வுக் கட்டுரைகளுக்கு மேற்கோள்களையும் துணைநூற்பட்டியலையும் ஒழுங்கு செய்து தரும் இணையச் சேவை அது. பெயர் வேண்டாம். 'எப்படிப்பட்ட ஆதாரமானாலும் செய்து தருவோம்' என்று விளம்பரம் செய்கிறார்கள். புத்தகம், ஆய்விதழ் என்றால் நானே போட்டுக்கொள்வேன். என்னிடம் இருந்தவை காப்பகத்தில் பார்த்த தேதியில்லாத கடிதங்கள், துறையின் மூத்தவர்களோடு தொலைபேசியில் பேசிய ஒன்பது உரையாடல்கள், இப்போது நீக்கப்பட்டுவிட்ட சில இணையப் பக்கங்கள். மொத்தம் 43. எல்லாம் ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் முறை) 7-ஆம் பதிப்பின்படி வேண்டும்.

"ஒன்றை இலவசமாகச் செய்து காட்டுகிறோம்" என்றார்கள். வேண்டுமென்றே கஷ்டமான ஒரு கடிதத்தை அனுப்பினேன். பத்தே நிமிடம். எழுதியவர் பெயர், சதுர அடைப்புக்குறிக்குள் தோராயமான ஆண்டு, யாருக்கு எழுதிய கடிதம் என்ற விவரம், தொகுப்பின் பெயர், பெட்டி எண், கோப்பு எண், காப்பகம். ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. சரி, விஷயம் தெரிந்தவர்கள்தான் என்று நம்பி, 120 டாலரையும் முன்பணமாகவே கட்டினேன்.

நான்கு நாள் கழித்து வந்த கோப்பில் அந்த ஒரு கடிதம் சரி. ஒன்பது உரையாடல்களும் பட்டியலில் ஏறி உட்கார்ந்திருந்தன. வாசகர் தேடிப் பார்க்க முடியாத இப்படிப்பட்ட பேச்சுகளை ஏபிஏ முறையில் கட்டுரைக்குள் பெயரும் தேதியுமாகக் குறித்தால் போதும், பட்டியலில் சேர்க்கவே கூடாது. இது அடிப்படை. அதைவிடக் கொடுமை, இன்னொரு கடிதத்தை ஆய்விதழ்க் கட்டுரையாக்கித் தொகுதி எண், பக்க எண், டிஓஐ (கட்டுரையை இணையத்தில் அடையாளம் காட்டும் நிலையான எண்) எல்லாம் போட்டிருந்தார்கள். மை மங்கி, மடிப்பில் கிழிந்த தாள் அது. எழுத்துக் கூட்டி ஒரு மாலை முழுக்கப் படியெடுத்தேன். அந்த டிஓஐயைச் சொடுக்கினால் மீன் வளர்ப்பைப் பற்றி யாரோ எழுதிய கட்டுரை திறக்கிறது!

இதைக் கண்டுபிடித்தவர் என் நெறியாளர். "இல்லாத ஆதாரத்தை உருவாக்கினீர்களா?" என்று கேட்டார். இதற்கு முன் என்னிடம் அவர் அப்படிக் கேட்டதே இல்லை. கடிதத்தின் படத்தைக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

சேவைக்கு எழுதினேன். முதலில் "எங்கள் குழு பார்க்கிறது". அப்புறம் "எந்த வரியில் பிழை என்று குறித்து அனுப்புங்கள்". 31 பிழைகளைக் குறித்து அனுப்பினேன். அந்த வேலைக்குத்தானே 120 டாலர் கொடுத்தேன்? அதற்கும் பதில்: "திருத்தம் கேட்கும் காலம் முடிந்துவிட்டது." நேற்று இரவு, "உங்கள் ஆதாரங்கள் வழக்கமான வகையில் இல்லாததால் பணத்தைத் திருப்பித் தர இயலாது." வழக்கமானவை இல்லை என்றுதானே உங்களிடம் வந்தேன்?

விரிவாக எழுதலாம் என்றுதான் தொடங்கினேன், நேரமில்லை. இவற்றை மட்டும் பாருங்கள். ஒரே ஒரு மாதிரியை நம்பாதீர்கள், வகைக்கு ஒன்று கேளுங்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டாதீர்கள். வந்த ஒவ்வொரு டிஓஐயையும் சொடுக்கிப் பாருங்கள். மூல ஆவணத்தின் படத்தை வைத்துக்கொள்ளுங்கள், என்னைக் காப்பாற்றியது அதுதான்.

120 டாலருக்கு அட்டை நிறுவனத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். பட்டியலில் 17 முடிந்தது, மீதியை நாளைக் காலைக்குள் நானே போட வேண்டும்.