ஈயம் தரையைத் தட்ட வேண்டும்: ஸ்டீல்ஹெட்டுக்கு ஃப்ளை ஓட்டும் தூண்டில் அமைப்பு, பல பருவப் பயன்பாட்டுக்குப் பின்

மார்ச் கடைசியில் மிச்சிகனின் பியர் மார்கெட் ஆற்றுக்குத் தூண்டிலோடு கிளம்புகிறவர் நான்கு எடைகளில் ஈயம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஃப்ளைப் பெட்டி சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. இறகும் நூலும் கட்டிய செயற்கைப் பூச்சியை ஆற்றின் அடித்தரையை ஒட்டி ஓடவிடும் இந்த முறையில் ஃப்ளையை மாற்றுவதைவிட எடையை மாற்றுவதுதான் அதிக மீன் தருகிறது. ஒரே அமைப்பை ஒரே ஆற்றில் பல பருவங்கள் பயன்படுத்தியதில் எது தாங்கியது, எது தேய்ந்தது, எது ஏமாற்றியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

மீனைப் பற்றிக் கொஞ்சம். ஸ்டீல்ஹெட் என்பது வானவில் டிரவுட்தான். ஆற்றில் பிறந்து, கடலுக்கோ பெரும் ஏரிக்கோ போய்க் கொழுத்து, முட்டையிட மறுபடி ஆறேறும் வகை. நீலகிரியில் அவலாஞ்சிப் பண்ணையில் வளர்க்கும் வானவில் டிரவுட்டும் இதே இனம். இதன் தாய்வீடு பசிபிக் கரை ஆறுகள். வட அமெரிக்கப் பேரேரிகளுக்கு 1870களில் கொண்டுவந்து விட்டார்கள். பசிபிக் சால்மன் மாதிரி ஒரு முறை முட்டையிட்டதும் எல்லாம் செத்துவிடுவதில்லை. பிழைத்த மீன் ஏரிக்குத் திரும்பி மறுபடி வரக்கூடும். அதனால் பிடித்த மீனை எப்படித் திருப்பி விடுகிறோம் என்பதற்கு இங்கே உண்மையான மதிப்பு உண்டு. பியர் மார்கெட்டின் முதன்மை ஓட்டத்தில் அணை கிடையாது. பால்ட்வின் ஊர்ப் பக்கம் எம்-37 நெடுஞ்சாலைப் பாலத்திலிருந்து கிளீசன்ஸ் லேண்டிங் வரை ஃப்ளை மட்டும்தான் அனுமதி, பிடித்ததை விட்டுவிட வேண்டும்.

இந்த ஆற்றின் இயல்பு முறையைத் தீர்மானிக்கிறது. அகலம் குறைவு, அடியில் மணலும் பருக்கைக்கல்லும், வளைவுக்கு வளைவு விழுந்துகிடக்கும் மரம். மீன் படுப்பது மரத்தடி மடுவிலும் பருக்கைக்கல் முடிந்து தரை இறங்கும் கருத்த பள்ளத்திலும். பின்னால் கோலை வீச இடமில்லை. அதனால் இங்கே ஓர் உருட்டு எறிதலில் ஈயத்தைப் போட்டு அடியோடு ஓட்டுகிறார்கள். உள்ளூரில் இதற்கு ‘சக் அண்ட் டக்’ என்று பெயர்: எறி, தலையைக் குனி. ஈயம் காதருகே பறப்பதால் அந்தப் பெயர் முழு உண்மை. கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது.

அமைப்பு இப்படி. பத்து அடி நீளம், ஏழாம் எண் கார்பன் கோல் (எண் கூடக் கூடக் கோலின் வலு கூடும்). எட்டாம் எண் கோல் பெரிய மீனை அடக்க வசதிதான், ஆனால் மெல்லிய நரம்பு அறுபடுவதும் அதிலேதான் அதிகம். அதன் முனை அவ்வளவு விறைப்பு. ரீலில் வழவழப்பான டிஸ்க் பிரேக், அடியில் இருபது பவுண்டு தாங்கும் டேக்ரான் இழைக்கயிறு நூறு கஜமாவது. அதற்கு மேல் வழக்கமான தடித்த ஃப்ளை நரம்பு வேண்டாம். முக்கால் மில்லிமீட்டர் தடிமனில் ஒரே சீராக ஓடும் ‘ரன்னிங் லைன்’ முப்பது மீட்டர். தடித்த நரம்பை நீரோட்டம் பிடித்து இழுக்கும், ஈயம் தரையைவிட்டுக் கிளம்பிவிடும். மெல்லியது தண்ணீரை அறுத்துக்கொண்டு இறங்கும். இந்த முறையின் பாதி சூட்சுமம் இந்தத் தடிமனில்தான்.

ரன்னிங் லைன் முனையில் பன்னிரண்டு பவுண்டு நைலான் லீடர், அதாவது இணைப்பு நரம்பு, எட்டிலிருந்து பத்து அடி. அதில் ஈயம் மாட்டுவதற்கான ஒரு ஸ்னாப் ஸ்விவலை (கொக்கியுள்ள சுழல் வளையம்) கோத்துத் தாராளமாக வழுக்கவிட்டு, அடுத்து ஒரு பிளாஸ்டிக் மணி, அதன் கீழ் சின்ன பேரல் ஸ்விவலை (இருபுறமும் கண்ணுள்ள சுழல் இணைப்பு) முடிச்சுப் போட வேண்டும். மணி இல்லாவிட்டால் ஸ்னாப் போய் முடிச்சையே இடித்துக்கொண்டிருக்கும். அரை நாளில் அந்த முடிச்சு பால்போல வெளுக்கும், வெளுத்த முடிச்சு அறும். ஸ்விவலின் மறுபக்கம் எட்டு பவுண்டு ஃப்ளூரோகார்பன் நரம்பு நாலு அடி, முனையில் முதல் ஃப்ளை. அதன் முள்ளின் வளைவில் ஆறு பவுண்டு நரம்பைக் கட்டி, இருபது அங்குலம் தள்ளி இரண்டாவது ஃப்ளை. பன்னிரண்டு, எட்டு, ஆறு என்று படிப்படியாக இறங்குவதில் காரணம் இருக்கிறது: கட்டையில் சிக்கி இழுக்கும்போது கடைசித் துண்டுதான் அறும், மீதி கைக்கு வரும்.

ஈயத்துக்குக் குச்சி வடிவப் பென்சில் ஈயம், பிளவில் நரம்பை வைத்து நசுக்கும் பிளவு குண்டு, ‘ஸ்லிங்கி’ எல்லாவற்றையும் பயன்படுத்திப் பார்த்தாயிற்று. ஸ்லிங்கிக்குத்தான் எங்கள் ஓட்டு. அது பாராசூட் கயிற்றின் மேலுறைக்குள் குண்டுகளை வரிசையாக அடைத்த சின்னப் பை. பாம்புபோல வளைந்து கல் இடுக்கிலிருந்து நழுவி வந்துவிடும். பென்சில் ஈயம் விறைப்பாக இருப்பதால் ஆப்பு மாதிரி மாட்டிக்கொள்கிறது. வீட்டிலேயே செய்யலாம். எட்டுக் குண்டுப் பைக்குக் கயிற்றை ஐந்து சென்டிமீட்டருக்கு, அதிகக் குண்டுக்கு அதற்கேற்ப நீளமாக வெட்டி, உள்நூல்களை உருவி எடுங்கள். ஒரு முனையை லைட்டரில் உருக்கி, சூடு ஆறுவதற்குள் பிளையரால் தட்டையாக நசுக்குங்கள். நாலரை மில்லிமீட்டர் குண்டுகளைப் போட்டு, மறுமுனையையும் அதேபோல மூடி, சூடாக்கிய ஊசியால் தட்டையான பகுதியில் துளை போட்டால் ஸ்னாப் மாட்ட இடம் கிடைத்துவிடும். குண்டுகளை நெருக்கி அடைத்தால் பை விறைத்துவிடும், செய்ததன் பயனே போய்விடும். ஒரு குண்டின் அளவு உள்ளே தளர்வு வேண்டும்.

நாலரை மில்லிமீட்டர் ஈயக்குண்டு ஒன்று ஏறக்குறைய அரை கிராம். ஆறு குண்டு, எட்டு, பன்னிரண்டு, பதினாறு என்று நான்கு வகை செய்துகொண்டால் இடுப்பளவுத் தண்ணீரிலிருந்து வெள்ளத்துக்குப் பிந்தைய வேகம் வரை சமாளிக்கலாம். ஈயம் நீர்ப்பறவைகளுக்கு நஞ்சு, அறுந்து போவதெல்லாம் ஆற்றிலேயே கிடக்கும். எஃகு குண்டு போட்டும் செய்யலாம். எஃகின் அடர்த்தி குறைவு என்பதால் அதே எடைக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு இடம் பிடிக்கும், பை நீளும், கொஞ்சம் மெதுவாக இறங்கும். இரண்டு மூன்று குண்டு கூட்டிக்கொண்டால் குறை தெரிவதில்லை. ஈயத்தை விட்டு அதற்கு மாறுவது நல்லது.

இனி ஓட்டுவது. எறியும்போது கோலை முன்னும் பின்னும் வீசக் கூடாது. ஓட்டத்தின் முடிவில் நரம்பு கீழ்நோக்கி இழுபட்டு நிற்கும். அந்த இழுவையையே விசையாகக் கொண்டு, கோலை ஒரே மூச்சில் மேலோட்டத் திசைக்கு, அதாவது நீர் வரும் பக்கத்துக்கு, சுழற்றிவிட வேண்டும். ஆற்றின் குறுக்குக்கோட்டிலிருந்து சற்று மேலோட்டத்தில் ஈயம் விழட்டும். விழுந்ததும் கோல் முனையை உயர்த்தி, தளர்ந்த நரம்பை இடது கையால் எடுத்துக்கொண்டு, முனையை ஓட்டத்தோடு கூடவே நகர்த்துங்கள். முனை ஈயத்துக்கு ஓரிரு அடி முன்னால் போகலாம், இழுக்கக் கூடாது.

கவனம் முழுவதும் விரலில் இருக்க வேண்டும். சரியான எடையில் ஒன்றிரண்டு வினாடிக்கு ஒரு ‘டிக்’ வரும், பருக்கைக்கல்லில் ஈயம் தட்டித் தட்டிப் போகும் உணர்வு. தட்டே வரவில்லை என்றால் ஃப்ளை மீனின் தலைக்கு மேல் போகிறது. இரண்டு குண்டு கூட்டுங்கள். அடிக்கடி நின்று நின்று போனால் இரண்டைக் குறையுங்கள். இன்னொரு சோதனையும் உண்டு. மேலே மிதந்துபோகும் நுரையைப் பாருங்கள், உங்கள் நரம்பு அதைவிடச் சற்றே மெதுவாகப் போக வேண்டும். தரையோடு உரசும் தண்ணீர் மேல்தண்ணீரைவிட மெதுவாகத்தான் ஓடும். மீன் சக்தியை மிச்சப்படுத்த அந்த மெதுவான அடுக்கில்தான் படுத்திருக்கும், நிஜமான முட்டையும் பூச்சியும் அதே வேகத்தில்தான் அதன் வாய்க்கு வரும். நுரையோடு போட்டிபோட்டு ஓடும் ஃப்ளையை அது சீண்டாது. நாலு எட்டு கீழே நகர்ந்தாலே ஆழமும் வேகமும் மாறிவிடும். ஒரே எடையோடு நாள் முழுக்க நடப்பவர் வெறுங்கையோடு திரும்புவது இதனால்தான்.

கடி பெரும்பாலும் இழுப்பாக வராது. ‘டிக், டிக், டிக்’ என்று போய்க்கொண்டிருந்தது நின்றுவிடும். கல்லில் சிக்கினால் இருக்கும் கெட்டித்தன்மை இல்லாமல், ஈரத்துணியில் மாட்டியது போல மெத்தென்று நிற்கும். யோசிக்க நேரம் கிடையாது. கோலைக் கீழோட்டப் பக்கமாக, தண்ணீர் மட்டத்துக்கு இணையாகப் பக்கவாட்டில் சுண்டுங்கள். மேல்நோக்கிச் சுண்டினால் ஃப்ளை வாயிலிருந்து முன்பக்கமாக உருவி வந்துவிடும். பக்கவாட்டில் சுண்டினால் முள் தாடை மூலையில் ஏறும். ஓட்டம் முடிந்ததும் உடனே எடுத்துவிட வேண்டாம். நரம்பு நேராகி ஃப்ளை தரையைவிட்டு மெல்ல எழும் அந்த நாலைந்து வினாடியிலும் கடி வரும்.

ஃப்ளைகளில் நம்பிக்கையானவை சிலதான். முட்டை உருவத்துக்கு பத்தாம் எண் முள்ளில் கம்பளி நூலால் கட்டிய ‘குளோ பக்’. தெளிந்த தண்ணீரில் வெளிர் பீச் நிறம், கலங்கலில் ஆரஞ்சு அல்லது பளீர்ப் பச்சை. இலையுதிர் காலத்தில் சினூக் சால்மனின் முட்டையையும், வசந்தத்தில் சக்கர் மீனின் முட்டையையும் ஸ்டீல்ஹெட் தின்பதால் இது வேலை செய்கிறது. கட்டுகிறவர்கள் செய்யும் தப்பு, நூலைக் கொழுகொழுவென்று விட்டுவிடுவது. முள்ளின் வாய் மூடிப்போகும், மீன் கடித்தாலும் ஏறாது. ஆறேழு மில்லிமீட்டர் உருண்டையாகக் கத்தரித்து, முள்ளின் வாய் பாதியாவது திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது ஃப்ளையாக, ஆற்றடியில் வாழும் இளம் பூச்சிகளின் உருவங்கள்: எட்டாம் எண்ணில் கறுப்பு ஸ்டோன்ஃப்ளை, ஹெக்ஸ் நிம்ஃப், அல்லது பன்னிரண்டில் பச்சை கேடிஸ் புழு. வேறு நூறு வகை கட்டலாம், ரசித்துக் கட்டலாம், ஆனால் எண்ணிக்கையில் பெரிய மாற்றம் தெரியவில்லை.

தேய்மானத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. முதலில் போவது ஸ்விவலுக்குக் கீழே உள்ள ஓரடி நரம்பு, எந்நேரமும் கல்லோடு உரசுவதால். பத்து ஓட்டத்துக்கு ஒரு முறை அதை உதட்டில் வைத்து இழுத்துப் பாருங்கள், விரலுக்குத் தெரியாத சிராய்ப்பு உதட்டுக்குத் தெரியும். சொரசொரத்தால் வெட்டி மறுபடி கட்டுங்கள். ஃப்ளூரோகார்பன் முடிச்சை எச்சிலில் நனைக்காமல் இறுக்கினால் சூட்டில் சுருண்டு பலம் போய்விடும். மீன் ‘அறுத்துக்கொண்டு போய்விட்டது’ என்பதில் பெரும்பகுதி முடிச்சு விட்டதுதான். நரம்பின் முனை பன்றிவால் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு உருவிக்கொண்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

அடுத்தது கோல். ஈயம் பறக்கும்போது ஒரு முறை கார்பனில் பட்டாலே உள்ளே நசுங்கல் விழும். வெளியே சின்னப் புள்ளிகூடத் தெரியாது. சில வாரம் கழித்து நல்ல மீன் ஒன்றில் வளையும்போது அதே இடத்தில் முறியும். மறுபடி மறுபடி சுழற்றி எறிவதால் கோல் துண்டுகளின் இணைப்பும் முறுக்கிக்கொண்டு தளரும். மணிக்கொரு முறை இறுக்கிப் பாருங்கள். முனை வளையத்தில் நரம்பு காலப்போக்கில் வரி போட்டுவிடும், பஞ்சை உள்ளே விட்டு உருவினால் நார் சிக்குவதில் தெரிந்துவிடும். ரன்னிங் லைனின் மேல்பூச்சு முதலில் வெடிப்பது லீடரோடு சேரும் முதல் இரண்டு மீட்டரில். வெட்டித் தள்ளி மறுபடி கட்டினால் இன்னொரு பருவம் வரும். பூச்சு இல்லாத நைலான் ரன்னிங் லைன் விலை குறைவு, அடியுணர்வும் கூர்மை. ஆனால் குளிரில் ஸ்பிரிங் போலச் சுருளும், ஈரக்கையில் பிடி நிற்காது. பனிக்காலத்தில் நாங்கள் பூச்சுள்ளதைத்தான் போடுகிறோம்.

உறைநிலைக்குக் கீழே போனால் வளையங்களில் பனிக்கட்டி அடைக்கும். விரலால் உடைக்கக் கூடாது, வளையத்தின் உள்வளையம் பெயர்ந்து வந்துவிடும். கோல் முனையை ஆற்றில் முக்கி எடுங்கள், தண்ணீர் காற்றைவிடச் சூடு.

இந்த அமைப்பு எல்லா ஆற்றுக்கும் ஆகாது. ஆழமாக, மெதுவாக, அடியில் மரமே நிறைந்த மடுவுக்குத் தக்கையைக் கட்டி ஃப்ளையைத் தரைக்கு அரையடி மேலே தொங்கவிடுவதுதான் சரி; அங்கே ஸ்லிங்கி போட்டால் மணிக்கு ஐந்து ஈயம் போகும். ஒரிகனின் நார்த் அம்ப்குவா ஃப்ளைப் பகுதியில் நரம்பில் எடை கட்டவே விதி இடம் தருவதில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஃப்ளைக்கு மட்டும் ஒதுக்கிய நீர்களிலும் ஈயமோ தக்கையோ கூடாது. எந்த ஆறானாலும் அந்த வருடத்து விதிப்புத்தகத்தைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வசந்தத்தில் கருத்த தரைக்கு நடுவே பாய் விரித்தது போல வெளிறிய பருக்கைக்கல் திட்டு தெரியும். பெண் மீன் வாலால் அடித்துத் துலக்கிய முட்டைக்குழி அது. அதன் மேல் நிற்கும் மீனுக்கு ஃப்ளை ஓட்டக் கூடாது. இந்த முறையில் ஓட்டினால் வாயில் ஏறுவதைவிட உடம்பில் கொக்கி போடுவதுதான் அதிகம். திட்டின் மீது நடக்கவும் கூடாது. காலடியில் கல்லுக்குள் முட்டை இருக்கிறது. அதற்குக் கீழே தரை இறங்கும் பள்ளத்தில் முட்டை தின்னக் காத்திருக்கும் மீனுக்கு ஓட்டுங்கள். முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முள்ளைப் பிளையரால் நசுக்கிவிடுங்கள். மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றி, தலை மேலோட்டத்தைப் பார்த்திருக்க வால் மூட்டைத் தளர்வாகப் பிடித்திருந்தால், அது தானாகவே வாலை ஒரு சுண்டு சுண்டிக்கொண்டு போகும்.