சி.என்.சி. மரச்செதுக்கு மெஷின் வாங்குகிறீர்களா? எம்.டி.எஃப். டெமோவை நம்பி மீதிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

பெங்களூரில் பூஜை மாடமும் நிலைக்கதவும் செய்யும் தமிழ்ப் பட்டறை ஒன்று சமீபத்தில் ஏமாந்த கதை இது. பீன்யா பக்கம் மெஷின் விற்பவரிடம் பேசி முடித்தது, கம்ப்யூட்டர் சொல்படி மரம் செதுக்கும் 1325 மெஷின்: 1300-க்கு 2500 மி.மீ. மேடை, செதுக்கும் முனையான பிட்டைச் சுழற்ற 3 கிலோவாட் ஸ்பிண்டில் (மோட்டார்). அதோடு ‘ஒரு லட்சம் டிசைன்’ அடங்கிய ஹார்ட் டிஸ்க் இலவசம். டெமோவில் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் பிள்ளையார் அருமையாக வந்தார். முழுப்பணமும் கைமாறியது. பட்டறையில் தேக்கு ஏற்றியதும் ஸ்பிண்டில் திணறியது, பிட் முறிந்தது.

எம்.டி.எஃப்.-இல் ரேகை கிடையாது, முடிச்சு கிடையாது, எங்கு தொட்டாலும் ஒரே அடர்த்தி. எந்த மெஷினும் அதில் நன்றாகத்தான் ஓடும். தேக்கில் சிலிக்கா உண்டு, அது பிட்டின் முனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும். ஆகவே உங்கள் மரத்தை நீங்களே கொண்டுபோய், உங்கள் டிசைனை உங்கள் முன்னால் ஓட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

அந்த ஸ்பிண்டிலில் 3 கிலோவாட் என்று ஸ்டிக்கர் இருந்தது. அளந்தபோது உடல் விட்டம் 80 மி.மீ. தண்ணீரால் குளிரும் வட்டமான வாட்டர்கூல்டு ஸ்பிண்டிலில் 80 பெரும்பாலும் 2.2 கிலோவாட், 3 கிலோவாட் பெரும்பாலும் 100 மி.மீ. வரும். ஸ்பிண்டிலின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி. பெட்டியின் தகட்டிலும் 2.2 என்றே இருந்தது. விட்டம் அளக்கும் வெர்னியர் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள், இரண்டு நிமிட வேலை.

‘நிமிடத்துக்கு 20 மீட்டர்’ என்பார்கள். அது வெட்டாமல் நகரும் வேகம். 600-க்கு 600 மி.மீ. கஜலட்சுமியை 0.2 மி.மீ. இடைவெளியில் செதுக்கினால் 3000 கோடுகள், மொத்தம் 1800 மீட்டர். நிமிடத்துக்கு 3 மீட்டர் ஓடினாலும் பத்து மணி நேரம். அதற்கு முன் மரத்தைத் தோராயமாகக் குடையும் ரஃபிங் தனி. இந்தக் கணக்கைப் போடாமல் வாடிக்கையாளருக்கு விலை சொன்னால் நஷ்டம்தான்.

மெஷினின் சட்டம் கோணியிருக்கிறதா என்று பார்க்க, கூர்முனை கொண்ட வி-பிட்டால் 1000 மி.மீ. சதுரம் கீறி இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் 1414 மி.மீ. இருக்க வேண்டும். நீண்ட ஓட்டம் முடிந்து தொடக்கப் புள்ளியான பூஜ்ஜியத்துக்குத் திரும்பும்போது முனை பழைய புள்ளியில் நிற்காவிட்டால், மெஷினை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார் படிகளைத் தவறவிடுகிறது அல்லது அந்த மோட்டாரை இணைக்கும் கப்ளிங் தளர்ந்திருக்கிறது.

இனி அந்த ஹார்ட் டிஸ்க். பெரும்பகுதி ஒரே கோப்பு நாலைந்து பெயரில். பல டிசைன்கள் யாரோ உழைத்துச் செய்து விற்றவற்றின் திருட்டு நகல்; அதைச் செதுக்கி விற்றால் வம்பு உங்கள் தலையில். மிச்சம் பெரும்பாலும் சாம்பல் நிறப் படங்கள்; நிறத்தின் அடர்த்தியை மெஷின் உயரமாக எடுத்துக்கொள்ளும். எட்டு பிட் (இது கம்ப்யூட்டர் பிட், செதுக்கும் பிட் அல்ல) படத்தில் 256 உயரங்கள்தான் உண்டு. 20 மி.மீ. ஆழத்துக்கு ஒவ்வொரு படியும் ஏறக்குறைய 0.08 மி.மீ. கன்னம், வயிறு போல மெல்லச் சரியும் இடத்தில் படிகள் அப்படியே தெரியும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மூக்கும் கண்ணும் சேர்ந்து தேயும். ஜேபெக் என்றால் இன்னும் மோசம், பரப்பு முழுக்கப் பருப்பருவாக வரும்.

எஸ்.டி.எல். (முப்பரிமாண வடிவ) கோப்பு வாங்குகிறவர்கள், இலவசமாகக் கிடைக்கும் மெஷ்லேப் மென்பொருளில் திறந்து முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முக்கோணப் பட்டைகள் கண்ணில் பட்டால் மரத்திலும் படும். 300 மி.மீ. டிசைனை 900-க்கு இழுத்தால் நல்ல கோப்பும் கெடும். 40 மி.மீ. ஆழத்துக்குச் செய்ததை 25 மி.மீ. பலகைக்கு நசுக்கினால் சாமி முகம் தட்டையாகிவிடும். பத்து நல்ல டிசைன் காசு கொடுத்து, விற்பனைக்குச் செதுக்கும் உரிமையோடு வாங்குவதே மேல்.

கம்ப்யூட்டரில் டிசைனைச் செதுக்கத் தயார் செய்யும் ஆர்ட்கேம் மென்பொருளின் கிராக் செய்த திருட்டுப் பிரதியைப் போட்டுத் தந்தார்கள். ஆட்டோடெஸ்க் 2018-லேயே ஆர்ட்கேமை நிறுத்திவிட்டது. அதன் வழிவந்த கார்வெகோ அல்லது வெக்ட்ரிக் ஆஸ்பையருக்கான செலவை முதலிலேயே கணக்கில் சேருங்கள்.

கொட்டேஷனில் ஸ்பிண்டில், வி.எஃப்.டி., மோட்டார், கைடு ரெயில் ஒவ்வொன்றின் மாடலும் எழுத்தில் இருக்கட்டும். உங்கள் பட்டறையில் உங்கள் மரம் ஓடிய பிறகே கடைசித் தவணை என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள். வியாபாரத்துக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் சட்டம் பொதுவாகப் பொருந்தாது. ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த மட்டும் வாங்கியதற்கு 2019 சட்டம் இடம் தருகிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இந்தப் பட்டறைக்காரரிடம் ‘மெஷின் ஒன்று’ என்று மட்டும் எழுதிய பில்தான் இருக்கிறது.