நார்வே மலைக்கு வழி போட நோர்கெஸ்கார்ட்: புதுச்சேரி, கடலூர் மலையேறிகளுக்கு ஒரு மதிப்பீடு

ஊட்டியில் தொட்டபெட்டா 2637 மீட்டர், உச்சி வரை தார்ச்சாலை. வட ஐரோப்பாவிலேயே உயரமான சிகரம், நார்வேயின் கால்ட்ஹோப்பிக்கன், 2469 மீட்டர்தான். இரண்டு எண்ணையும் பார்த்துவிட்டு "நம்ம மலையைவிடச் சின்னது" என்று கிளம்புகிறவர்கள் உண்டு. அந்தச் சிகரம் நிற்கும் யோட்டுன்ஹைமன் பகுதி 61, 62 டிகிரி வடக்கு அட்சரேகைகளுக்கு நடுவில் இருக்கிறது. அங்கே ஆயிரத்துச் சொச்சம் மீட்டரிலேயே மரம் நின்றுவிடும். அதற்கு மேல் பாறை, கற்குவியல், பனியாறு. அங்கே போகிறவர் அந்த ஊர் வரைபடத்தை அந்த ஊர்க் கணக்கில் படிக்க வேண்டும். அதற்கான முதல் கருவி நோர்கெஸ்கார்ட்.

நார்வே அரசின் நில அளவைத் துறையான கார்ட்வெர்கெட் நடத்தும் இணைய வரைபடம் இது. காசு கிடையாது. நம் வீட்டிலிருந்தே ஒவ்வொரு ஓடையையும் பெரிதாக்கிப் பார்க்கலாம். வழி போட இதைவிட நம்பகமான அடித்தளம் இல்லை. ஆனால் இது சொல்வது நிலத்தின் வடிவத்தை மட்டும். இன்றைக்குப் பனி எவ்வளவு கிடக்கிறது, பாலம் போட்டுவிட்டார்களா, காற்று எப்படி என்பதற்கெல்லாம் வேறு இடம் பார்க்க வேண்டும்.

முதலில் சம உயரக் கோடுகள். 1:50,000 வரைபடத்தில் கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் உயரம். ஒரு ஸ்கேலை எடுத்து ஐந்து இடைவெளியை, அதாவது 100 மீட்டர் ஏற்றத்தை அளந்து பாருங்கள். மூன்றரை மில்லிமீட்டர் வந்தால் சரிவு 30 டிகிரி. இரண்டு மில்லிமீட்டர் வந்தால் 45 டிகிரி, அது நடந்து ஏறும் இடமே இல்லை. இந்த இரண்டு அளவையும் ஒரு அட்டைத் துண்டில் கோடு போட்டு வைத்துக்கொண்டு வழி நெடுக நகர்த்திப் பார்த்தால், எங்கே இடிக்கும் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இதில் ஒரு ஓட்டை உண்டு. இரண்டு கோடுகளுக்கு நடுவே 15 மீட்டர் செங்குத்துப் பாறை இருந்தாலும் கோடுகளில் அது தெரியாமல் போகலாம். ஹுருங்கனெ போன்ற கூர்முனை மலைகளில் இறங்கும் வழியைக் கோட்டை மட்டும் நம்பிப் போட்டால் பாறை விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தும். அங்கே மற்றவர்கள் நடந்து பதிவான வழிதான் சரி.

வழியை வரைந்தால் தூரமும், எங்கே ஏற்றம் எங்கே இறக்கம் என்ற உயர வெட்டுமுகமும் காட்டும் வசதி அருமையானது. பலர் தவறுவதும் அதில்தான். நான்கே புள்ளி வைத்து நேர்க்கோடாக இழுத்தால் வளைவெல்லாம் வெட்டுப்பட்டு தூரம் குறைந்துவிடும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு புள்ளி வையுங்கள். உயரத்தையும் தொடக்கம், முடிவு என்று கழித்துப் போடக் கூடாது. ஸ்பிட்டர்ஸ்டூலன் விடுதியிலிருந்து கால்ட்ஹோப்பிக்கனுக்கு உயர வித்தியாசம் 1360 மீட்டர் அளவு. வழியில் இரண்டு சிறு உச்சிகளில் ஏறி இறங்குவதால் உண்மையான ஏற்றம் அதைவிடக் கூடுதல். செஞ்சி ராஜகிரியை ஒரே மூச்சில் ஆறு தடவை ஏறுவதற்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்குக்கு நெய்ஸ்மித் விதி போதும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி. இந்த வழி சுமார் 6 கிலோமீட்டர், ஏற்றம் 1400 என்று போட்டால் மூன்றரை மணி வருகிறது. கடற்கரைச் சமவெளியில் பழகிய கால், கையில் சுமை, மேலே கல்லுக்குக் கல் தாவும் நடை. ஒன்றரையால் பெருக்குங்கள். ஏறவே ஐந்தேகால் மணி. இறக்கம் தனி.

வரைபடத்தில் வரும் இடப்பெயர்கள் பாதி எச்சரிக்கை செய்துவிடும். பெயரின் கடைசியில் ப்ரெ (bre) வந்தால் பனியாறு, வாட்ன் (vatn) என்றால் ஏரி, எக் (egg) என்றால் கத்தி முனை போன்ற மலைமுகடு, ஊர் (ur) என்ற நார்வே சொல் வந்தால் கற்குவியல், மீர் (myr) என்றால் சதுப்பு. யூவாஸ்ஹிட்டா பக்கமிருந்து கால்ட்ஹோப்பிக்கனுக்குப் போகும் வழி சின்னதாகத் தெரியும், விடுதியே 1841 மீட்டரில் இருக்கிறது. ஆனால் நடுவில் ஸ்டிக்கெப்ரெயன் என்ற பனியாறு கிடக்கிறது. பனிப்பிளவுகளைப் புதுப்பனி மூடியிருக்கும். கயிறு கட்டி, வழிகாட்டியோடுதான் கடக்க வேண்டும். கயிற்றுப் பழக்கம் இல்லாதவருக்கு நீளமான ஸ்பிட்டர்ஸ்டூலன் வழியே ஏற்றது.

இதனால்தான் அச்சு எடுக்கும்போது கவனம் வேண்டும். தரையின் சம உயரக் கோடு பழுப்பு, பனியாற்றின் மேல் அதே கோடு நீலம். ஐந்து ரூபாய் மிச்சம் என்று கறுப்பு வெள்ளையில் எடுத்தால் பாறையும் பனியாறும் ஒரே மாதிரி தெரியும். கலர் பிரிண்ட்தான், அதுவும் லேசர். இங்க்ஜெட் தாள் முதல் தூறலிலேயே கரைந்துவிடும். ஜெராக்ஸ் கடையில் பெரும்பாலும் 'ஃபிட் டு பேஜ்' வைத்தே அடித்துக் கொடுப்பார்கள். அப்படி அடித்தால் அளவை மாறிவிடும். "ஆக்சுவல் சைஸ், நூறு சதவீதம்" என்று சொல்லி வாங்குங்கள். கடையை விட்டு இறங்குமுன் ஒரு கிலோமீட்டர் கட்டத்தை அளந்து பாருங்கள், சரியாக 2 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். 19 மில்லிமீட்டர் இருந்தால் தாள் ஐந்து சதவீதம் சுருங்கியிருக்கிறது. மேலே சொன்ன அட்டைத் துண்டு அந்தத் தாளுக்குப் பொய் சொல்லும். எப்படியும் இது வீட்டில் உட்கார்ந்து திட்டம் போடத்தான். மலைக்கு எடுத்துப் போகும் நீர் புகாத வரைபடத்தை அங்கேயே வாங்கிக்கொள்வது நல்லது.

நோர்கெஸ்கார்டில் வடிவம் பார்த்த பிறகு யூடி டாட் நோ. 1868-இல் தொடங்கிய நார்வே சுற்றுலாச் சங்கத்தின் தளம். பாதை, விடுதி, பச்சை நீலம் சிவப்பு கறுப்பு என்று கடினத்தின் தரம் எல்லாம் இதில் இருக்கிறது. தரையில் பாறைமேல் சிவப்பு 'டி' எழுத்துதான் இவர்கள் பாதையின் அடையாளம். எழுதியிருக்கும் மணிக்கணக்கை அந்த ஊர்க்காரர் நடையாக எடுத்துக்கொண்டு நம் கணக்கோடு ஒப்பிடுங்கள், பெரியது எதுவோ அதை வையுங்கள். விடுதியில் ஆள் இருக்குமா, நாமே சமைக்கும் வகையா, சங்கத்தின் சாவி வேண்டுமா என்பதை முன்பே பார்த்துவிடுங்கள். இன்னொன்று: பாதைக் கோடு ஆற்றைத் தாண்டினால் அங்கே பாலம் இருக்கிறது என்று பொருளில்லை. சில பாலங்களைக் கோடையில் போட்டு இலையுதிர் காலத்தில் கழற்றிவிடுவார்கள். பனியாற்றிலிருந்து வரும் ஓடை வெயில் நாளில் மாலைக்குள் பெருகிவிடும், காலையில் முழங்கால் அளவு கடந்த இடம் திரும்பும்போது கடக்க முடியாமல் போகும்.

பனிச்சரிவுக்கு வார்சம் தளம். அதன் சரிவு வரைபடத்தில் 30 டிகிரிக்கு மேல் உள்ள இடமெல்லாம் நிறத்தில் வரும், மேலிருந்து பனி வந்து விழக்கூடிய அடிவாரமும் தெரியும். நீங்கள் நடப்பது சமதளமாக இருந்தாலும் தலைக்கு மேல் அந்த நிறம் இருக்கிறதா என்று பாருங்கள். தினசரி எச்சரிக்கை டிசம்பர் முதல் மே வரைதான். ஜூனில் தளம் அமைதியாக இருப்பதை வைத்து ஆபத்து இல்லை என்று எண்ணக் கூடாது, வடக்கு பார்த்த சரிவுகளில் ஜூலையிலும் பனி கிடக்கும்.

வானிலைக்கு ஒய்ஆர் டாட் நோ. நார்வே மொழியில் அந்தச் சொல்லுக்குத் தூறல் என்று பொருள், பொருத்தமான பெயர்தான். இதில் காற்று வினாடிக்கு மீட்டரில் வரும். 2011-இல் தானே புயலைப் பார்த்த நமக்குப் பழகியது மணிக்குக் கிலோமீட்டர் கணக்கு, ஆகவே 15 என்ற எண் சாதாரணக் கடல்காற்றாகத் தோன்றும். 3.6-ஆல் பெருக்கினால் 54. மலைமுகட்டில் அது ஆளைத் தள்ளும் காற்று. விடுதியின் பெயரைப் போட்டுப் பார்த்தால் வருவது விடுதி உயரத்தின் வெப்பநிலை. நூறு மீட்டருக்கு சுமார் 0.65 டிகிரி குறையும். ஸ்பிட்டர்ஸ்டூலனில் 10 டிகிரி என்றால் உச்சியில் ஒரு டிகிரி, அதோடு அந்தக் காற்றும்.

கடைசியாகக் காம்பஸ். தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிக் காந்த நடுக்கோடு போகிறது, அதனால் இங்கே முள் ஏறக்குறையக் கிடையாக நிற்கும். நார்வேயில் காந்தப்புலம் 70 டிகிரிக்கும் மேல் கீழ்நோக்கிச் சாய்கிறது. இந்தப் பகுதிக்குச் சமன் செய்த முள் அங்கே தட்டில் உரசி நின்றுவிடும். வட மண்டலத்துக்கானதோ, உலகம் முழுக்க வேலை செய்யும் வகையோ கேட்டு வாங்குங்கள். வட மண்டல முள்ளை இங்கே புதுச்சேரியில் கையில் வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். கெட்டுப்போனது என்று நினைத்து கடையில் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

போட்ட வழியை ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடமும், அங்கே விடுதிப் பதிவேட்டிலும் எந்தச் சிகரம், எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் திரும்புவது என்று குறித்துவிட்டுக் கிளம்புங்கள். தேடவேண்டி வந்தால் 112-க்கு அழைப்பவர் கையில் இருக்கப்போவது அந்தக் குறிப்புதான்.